வாந்திபேதியின் வழியறிந்த வங்கத்து வைத்தியர் சம்புநாத் தே

மாரி மழை வலுத்து வாவியும் வயலும் ஒன்றாகிவிடும் மாதங்களில் எங்கள் பகுதியின் கோலத்தை இங்குள்ளோர் எல்லோரும் அறிவர். சித்தாண்டி தொடக்கம் செங்கலடி வரை வெள்ளம் பரந்து நிற்கும்போது, குடிநீர்க் கிணறும் மலகூடக் குழியும் ஒரே நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். வெள்ளம் வடிந்த பின்னரே வயிற்றோட்டம் வீடு வீடாகப் புகும். 2011ஆம் ஆண்டு தைமாதத்துப் பெருவெள்ளத்தின்போது, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் யான் கண்ட காட்சி ஒன்று இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை நீராகக் கழிந்து, கண்கள் குழிவிழுந்து, அழுவதற்கும் கண்ணீரின்றி அம்மம்மாவின் மடியிற் சுருண்டு கிடந்தது. அது நா வறண்டு தண்ணீர் கேட்கும்போதெல்லாம் அம்மூதாட்டி கோப்பையை அப்பால் நகர்த்தினார். ஊற்ற ஊற்ற ஓடத்தானே செய்யும், வயிற்றைக் காயவிட்டால் நின்றுவிடும் என்பது அவர் எண்ணம்.

அவரைப் பேதைமையுடையவர் என்று யாரும் நகைக்க வேண்டா. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பார் உண்டோ என்று எண்ணுவது இயல்பே. குடல் ஓட்டையாகிவிடவில்லை, கதவுதான் கள்ளனால் திறக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகம் அறிந்துகொள்ளப் பல காலம் சென்றது. கிருமியைக் கண்டறிந்த பின்னரும் எழுபத்தைந்து ஆண்டுகள் பேரறிஞர்கள் பலர் அந்தக் கள்ளனைத் தேடக்கூடாத இடத்திலே தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டியவர் வங்க நாட்டிற் பிறந்த ஓர் அமைதியான மனிதர். அவரே வைத்தியகலாநிதி சம்புநாத் தே அவர்கள். குடல்நோயை ஆராயும் வைத்தியருலகம் இன்று அவர் பெயரை மரியாதையுடன் உச்சரிக்கிறது. ஆயினும் நம் இளைஞர்களிற் பலர் அவரைக் கேள்விப்பட்டிரார். இம்மலரில் அன்னாரின் சரிதத்தைச் சொல்லப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

சம்புநாத் தே 1915ஆம் ஆண்டு மாசி மாதம் முதலாந் திகதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாட்டி என்னும் கிராமத்திற் பிறந்தார். செல்வம் நிறைந்த குடும்பமன்று. ஊர்ப் பாடசாலையிற் படித்துத் திறமையாகத் தேறி, உபகாரப்பணத்தின் துணையால் ஹூக்ளி மொஹ்சின் கல்லூரிக்கும், பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கும் சென்றார். 1939இல் வைத்தியப் பட்டம் பெற்றார். கைராசிக்கார வைத்தியராகிப் பொருள் தேடும் வழி திறந்திருந்தும் அவர் மனம் அதில் நிலைக்கவில்லை. நோய் ஏன் வருகிறது, உடம்பின் உள்ளே அது என்ன செய்கிறது என்று ஆராயும் நோயியல் துறையே அவரை ஈர்த்தது. 1942 முதல் தாம் படித்த கல்லூரியிலேயே அத்துறையிற் கற்பிக்கலானார்.

1947இல் இலண்டனுக்குப் போனார். அங்கே யூனிவர்சிற்றி கொலிஜ் மருத்துவப் பாடசாலையில் சேர் ரோய் கமரன் என்னும் புகழ்பெற்ற நோயியல் அறிஞரிடம் பயின்று 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று நுரையீரலில் நீர் தேங்கும் விதம்; மற்றொன்று மூளையில் நீர் தேங்கும் நோய். உடம்பினுள் நீர் ஓரிடத்தைவிட்டு மற்றோரிடத்துக்கு ஏன் போகிறது என்ற வினா அந்நாளிலேயே அவர் உள்ளத்திற் குடிகொண்டுவிட்டது எனலாம். பிற்காலத்தில் அவர் செய்த பெருங்காரியம் முழுவதும் அவ்வினாவின் விடையே.

திரும்பி வந்தவர் கல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். கங்கைக் கழிமுகத்தின் அப்பெருநகரை வாந்திபேதியின் தாயகம் என்று உலகம் பேசிய காலம் அது. ஆண்டுதோறும் அந்நோய் வந்து நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. நம் நாட்டிலும் அந்நோயின் அச்சம் சாமானியமானதன்று. தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிய காலத்தில், அக்கரையில் மண்டபத்து முகாமில் அவர்களை நாட்கணக்கில் மறித்துவைத்துப் பார்த்த பின்னரே கப்பலேற்றினர். வாந்திபேதியும் அம்மையும் தொடர்ந்து வராதிருத்தற்கே அந்த ஏற்பாடு.

அந்நோயின் வேகத்தை இக்காலத்து இளைஞர் நேரிற் கண்டிரார். காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் பிணமாவது உண்டு. அரிசி களைந்த நீர் போன்ற கழிச்சல், கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லீற்றர் வரையும் போகும். தோல் சுருங்கும், குரல் அடங்கும், கைகால் கெண்டை பிடிக்கும், நாடி அகப்படாது. பின்பு சலம் அற்றுப்போகும். இந்தச் சலம் அறும் நிலையே தே அவர்களின் கவனத்தை இழுத்தவற்றுள் ஒன்று. சிறுநீரகம் என்பது இரத்தத்தை வடித்துக் கழிவைப் பிரிக்கும் உறுப்பு. உடம்பின் நீரெல்லாம் குடல்வழியே போய் இரத்தம் தடித்து, ஓட்டம் தளர்ந்த பின்னர் வடிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஆகவே முதலில் நிற்பது உறுப்பின் பழுதாலன்று, வரத்து இல்லாமையால். காலந் தாழ்ந்தாலோ உறுப்பே பழுதாகும். வாந்திபேதியால் மரித்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து, சிலரில் அதன் வெளிப்பகுதி முழுவதுமே பட்டுப்போயிருந்ததை அவரும் அவருடன் உழைத்தோரும் 1954இல் எழுதி வெளியிட்டனர். குடலில் தொடங்கிய நோய் கொல்லுமிடம் வேறு என்பதை வைத்தியர் கண்முன் நிறுத்திய கட்டுரை அது.

அப்படியாயின் குடலில் நடப்பது என்ன? இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1884இல் ஜேர்மன் அறிஞர் ரொபேட் கொக் கல்கத்தாவுக்கு வந்து, காற்புள்ளி போல் வளைந்த வாந்திபேதிக் கிருமியை நோயாளரின் குடலிலும் சேரிப்புறக் குளத்து நீரிலும் கண்டு உலகுக்கு அறிவித்தார். இத்தாலியர் ஒருவர் 1854இலேயே அதனைக் கண்டிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கின்றது போலும் என்று கொக் கருதினார். ஆனால் அந்த நஞ்சை ஒருவராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. கினிப்பன்றிக்கும் முயலுக்கும் இரத்தக்குழாயில் ஏற்றினார்கள், வயிற்றறைக்குள் ஏற்றினார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் வாந்திபேதி வரவில்லை. செத்த கிருமியின் உடலிலிருந்து கசியும் பொருளே நஞ்சு என்ற கொள்கை வேரூன்றிற்று. குடற்சுவரின் தோல் உரிந்துபோவதாலேயே நீர் ஒழுகுகிறது என்றும் பலர் நம்பினர். முன்சொன்ன அம்மம்மாவின் ஓட்டைக்குடமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே.

சம்புநாத் தே யோசித்த விதம் மிக எளிது. குடலுக்குள் வாழும் கிருமி குடலுக்குள்ளேயே தன் வேலையைச் செய்கிறது. அவ்வாறாயின் அதனைக் குடலுக்குள் வைத்தல்லவா பார்க்க வேண்டும்? ஒரு முயலை மயக்கி வயிற்றைத் திறந்தார். சிறுகுடலில் ஒரு சிறு துண்டத்தை வெட்டி நீக்காமல், இரத்த ஓட்டத்தையும் குலைக்காமல், இருபுறமும் நூலாற் கட்டினார். நாம் தோரணத்தில் வெடிவாலைக் கட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டத்துக்குள் கிருமி வளர்ந்த நீரைச் சிறிதளவு ஏற்றி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்க்கையில் அத்துண்டம் மட்டும் ஊதி உப்பி, அரிசி களைந்த நீர் போன்ற அதே நீரால் நிறைந்திருந்தது. கிருமியில்லாத நீரை ஏற்றிய பக்கத்துத் துண்டம் வெறுமனே கிடந்தது. 1953இல் இதனை அவரும் சற்றர்ஜி என்னும் உடனாய்வாளரும் வெளியிட்டார்கள். அவர் பிறந்த 1915ஆம் ஆண்டிலேயே வேறிருவர் ஏறக்குறைய இதே முறையைச் செய்து பார்த்து, அது மறக்கப்பட்டிருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. எண்ணம் புதிதாயிருந்தால் மட்டும் போதாது போலும். விடாது பின்தொடர்வோனும் வேண்டும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு முயல், கொஞ்சம் நூல், ஊசி, வளர்ப்பு நீர், இவ்வளவே. நம் பாடசாலைகளிற் கருவியில்லை, ஆய்வுகூடமில்லை என்று கைகட்டியிருக்கும் மாணவர்களுக்கு இதனை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவர்கள் முகஞ்சுளிப்பதும் உண்டு.

1955இல் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறையின் தலைவரானார். எழுபது ஆண்டுகளுக்கு முன் கொக் தம் ஆராய்ச்சியை நடத்திய அதே கல்லூரி. அடுத்த ஆண்டிலே, சாதாரணமாக எல்லார் குடலிலும் குடியிருக்கும் கோலிக் கிருமியின் சில இனங்களும் அதே கட்டுத்துண்டத்தை ஊதச் செய்கின்றன என்று காட்டினார். சாதுவென்று எண்ணிய கிருமிக் குலத்திலேயே வயிற்றோட்டம் உண்டாக்கும் துட்டர் உளர் என்பது அதனால் வெளியாயிற்று. குழந்தைகளின் கழிச்சலுக்கும், ஊர்விட்டு ஊர் போவோரின் கழிச்சலுக்கும் இவ்வினமே முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதி செய்தன.

இக்கோலிக் குலத்தைப்பற்றி இங்கு இன்னும் ஒன்று சொல்லாமற் போக மனமில்லை. குடலில் அடங்கியிருக்கும்வரை தொல்லை தராத அதன் வேறு சில இனங்கள், மலவாயிலிலிருந்து சலவாயிலுக்கு நகர்ந்து உள்ளேறிவிட்டால் சலக்கடுப்பை உண்டாக்கும். சலத்தொற்று நோய்களிற் பெரும்பாலானவற்றுக்கு இக்குலமே பொறுப்பு. பெண்களுக்குச் சலவழி குறுகியதாகையால் அவர்களுக்கே இது மிகுதி. பாடசாலையில் நல்ல மலகூடம் இல்லையென்பதற்காகக் காலை முதல் தண்ணீர் குடியாமலும் சலத்தை அடக்கியும் இருக்கும் பெண்பிள்ளைகள் நம்மூரிலும் உளர். எரிச்சலும் அடிக்கடி போகும் உந்துதலும் கண்டால் வெட்கத்தால் மறைத்து வைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலும் குளிரும் நாரிநோவும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று அஞ்சி அன்றே போக வேண்டும். இதில் முதியோர் கடமை பெரிது. பிள்ளைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

மீண்டும் கதைக்கு வருவோம். முயற்குடல் ஊதியது உயிருள்ள கிருமியாலா, அது வெளிவிட்ட பொருளாலா? இதனைத் தீர்க்க, கிருமியை வளர்த்த நீரை மிக நுண்ணிய வடியினூடாக வடித்தார் தே. கிருமியெல்லாம் வடியில் தங்கிவிட, ஒரு கிருமியுமில்லாத தெளிந்த நீர் கிடைத்தது. அந்த நீரைக் கட்டிய குடலுக்குள் ஏற்றினார். குடல் ஊதிற்று. கொக் கருதியதும், எழுபத்தைந்து ஆண்டு யாருக்கும் அகப்படாததுமான நஞ்சு அந்தத் தெளிந்த நீருக்குள் இருந்தது. செத்த கிருமியிலிருந்து கசிவதன்று, உயிருடன் இருக்கும் கிருமியே வெளியிடும் நஞ்சு. 1959ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி வெளிவந்த நேச்சர் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் அவர் தனியொருவராக எழுதிய கட்டுரை முழுதாக இரண்டு பக்கமும் இல்லை. அதே ஆண்டில் பம்பாயின் ஹாப்கின் நிறுவனத்தாரும் முயற்குட்டிகளைக் கொண்டு வேறு வழியாக இம்முடிவின் அருகே வந்தனர் என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும்.

இதனால் விளைந்தது என்ன என்று கேட்கலாம். நஞ்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை. சுவரின் உயிரணுக்களுக்குள் ஒரு பகுதி புகுந்து, உப்பையும் நீரையும் வெளியே தள்ளும் வேலையை நிறுத்தமின்றி நடக்கச் செய்கிறது. 1960இல் பாங்கொக்கில் நோயாளரின் குடற்சுவரை எடுத்துப் பார்த்த அமெரிக்க வைத்தியரும் அது உரியாமல் முழுதாக இருப்பதைக் கண்டனர். வெளியே தள்ளும் கதவு திறந்திருக்கையிலும், உள்ளே இழுக்கும் வேறொரு கதவு பழுதின்றி இருக்கிறது. சீனியும் உப்பும் சேர்ந்து வந்தால் அக்கதவு திறந்து இரண்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். நீரும் கூடவே போகும். வெறுந் தண்ணீர் அவ்வளவு பயன் தராது. உப்பு மட்டும் தந்தாலும் போதாது. கல்கத்தாவிலேயே ஹேமேந்திரநாத் சற்றர்ஜி என்னும் வைத்தியர் 1953இல் 186 நோயாளருக்கு வாய்வழியாக உப்புஞ் சீனியும் கலந்த நீர் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார். காரணம் விளங்காததாலோ என்னவோ உலகம் அதனைக் கவனிக்கவில்லை. நஞ்சின் தன்மையும் குடலின் செயலும் விளங்கிய பின், 1968இல் டாக்காவில் அது முறைப்படி நிறுவப்பட்டது.

1971இல் கிழக்கு வங்காளப் போரில் இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடிவந்தபோது, பொங்கான் என்னுமிடத்து அகதி முகாமில் வாந்திபேதி வெடித்தது. ஊசிவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துவிட்டது. நோயாளர் தரையிற் கிடந்தனர். டொக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பொதிகளாகக் கட்டுவித்துப் பெரும் பாத்திரங்களிற் கரைத்து, பயிற்சியில்லாத உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மரித்த நிலை மாறி, நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாயிற்று. நம் நாட்டில் ஜீவனி என்ற பெயரில் மருந்துக்கடைகளிலும் வைத்தியசாலைகளிலும் கிடைக்கும் பொதி அந்த வழியில் வந்ததே. ஒரு பொதியைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒரு நாளுக்குமேல் மிஞ்சுவதை ஊற்றிவிட வேண்டும். பொதி அகப்படாத வேளையில் ஒரு லீற்றர் நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. ஆதலால் கையளவில் அள்ளிப் போடுதல் ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தவும் ஆகாது.

தே அவர்களின் பிற்கால வாழ்வு மகிழ்ச்சி தருவதன்று. நஞ்சைக் கண்டவர் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க விரும்பினார். அதற்கு வேண்டிய வசதி அவர் கைக்கு எட்டவில்லை. 1969இல் அமெரிக்காவில் அது பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பின் உலகெங்கும் அந்நஞ்சைப்பற்றி ஆராய்ச்சிகள் பெருகின. கல்கத்தாவில் தொடக்கி வைத்தவரை அங்குள்ளோரே நினைத்தாரில்லை. 1973இல் அவர் ஓய்வு பெற்றார். பாரதத்தின் விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் அவர் உயிருடன் இருக்கையில் அங்கே கொடுக்கப்படவில்லை. தம் காலத்தவர் தம்மை மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. ஆயினும் அதற்காக வாசல்தோறும் போய் நின்றவரல்லர். கதிர்காமப் பாதையில் நீர்ப்பந்தல் வைத்தவன் பெயரைக் குடித்தவர் கேட்பதில்லை. அதுபோலும் என்று ஆறுதல் கொள்ளலாமோ? எனக்கு அது ஆறுதலாகத் தோன்றவில்லை. அறிந்திருந்தும் பேசாதிருந்த அறிஞர் சபைகளின் குற்றம் அது.

வெளியுலகம் முற்றாக மறந்துவிடவில்லை. நோபல் பரிசு பெற்றவரான அமெரிக்க அறிஞர் யோசுவா லெடர்பேர்க் அப்பரிசுக்குத் தே அவர்களின் பெயரை ஒருமுறைக்கு மேலும் முன்மொழிந்தார். பரிசு கிடைக்கவில்லை. 1978இல் சுவீடன் நாட்டில் நோபல் நிறுவனத்தின் ஆதரவில் வாந்திபேதிபற்றிய கருத்தரங்கு கூடியபோது அவரை அழைத்து மதிப்பளித்தார்கள். 1985ஆம் ஆண்டு சித்திரை 15ஆந் திகதி தமது எழுபதாவது வயதில் அவர் காலமானார். ஐந்தாண்டு கழித்து, 1990இல் பாரதத்தின் கரண்ட் சயன்ஸ் என்னும் விஞ்ஞானச் சஞ்சிகை அவர் நினைவாக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. லெடர்பேர்க்கும் அதில் எழுதினார்.

பாடசாலைக் கட்டிடத்தில் நான் கண்ட பிள்ளையின் கதையை நடுவே விட்டுவிட்டேன். மத்தியானத்தை அண்டி ஒரு தாதி ஜீவனிப் பொதிகளோடு வள்ளத்தில் வந்து சேர்ந்தார். அம்மம்மாவோடு அவர் வாதாடவில்லை. பக்கத்தில் அமர்ந்து, ஒரு தேக்கரண்டியால் ஒவ்வொரு நிமிடமும் ஒருமுறை தாமே பருக்கினார். பிள்ளை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கினார். சற்று நேரத்தில் அம்மூதாட்டியே கரண்டியை வாங்கிக்கொண்டார். கழிச்சல் அன்று நிற்கவில்லை. அடுத்த நாளும் இருந்தது. ஆனால் பொழுதுபடும் வேளையில் அந்தப் பிள்ளை அவர் சேலையெல்லாம் நனையச் சலம் விட்டது. தாதி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பறைக்கு எழுந்து போனார்.